ஜரிகையும் இதயத் துடிப்பும்

ராசிபுரம் பட்டுச் சேலை ஒன்றின் கரையிலிருந்து அசல் ஜரிகை இழையை உருவிப் பிரித்தால், உள்ளே சாயமேற்றிய பட்டு நூல் தெரியும். அதன்மேல், தட்டித் தகடாக்கிய மெல்லிய வெள்ளிக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். வெளியே தங்க முலாம். கட்டுகிறவர்களுக்கு அது மினுமினுப்பு; தறிக்காரருக்கு, கம்பி பிரியாமல் பதமாக ஓட்ட வேண்டிய நூல். அதையே ஒரு மின்னணுப் பொறியாளர் கையில் கொடுத்தால் மீட்டரை வைத்துப் பார்ப்பார். மடித்தாலும் முறியாத, நெய்யவும் தைக்கவும் இடங்கொடுக்கும் மின்கம்பி ஒன்று அவருக்கு அதில் தெரியும்.

அப்படிப் பார்த்தவர்கள் உண்டு. 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ரேமி போஸ்ட், மேகி ஆர்த் என்ற இரு ஆய்வாளர்கள் துணியிலேயே மின்சுற்று அமைக்கும் வேலையில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த துணிகளில் ஒன்று உலோகப் பட்டு ஆர்கன்சா: பாவில் வெறும் பட்டு, ஊடையில் மெல்லிய செப்புத் தகடு சுற்றிய பட்டு. இந்தியத் தறிகளில் தலைமுறைகளாக நெய்யப்பட்டு வந்த வகை அது. உலோக இழைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு ஓடுவதால் ஒவ்வொன்றையும் தனித்தனி மின்தடமாகப் பயன்படுத்த முடிந்தது. முகூர்த்தத்துக்கு உடுத்துவதற்காக உருவான ஒரு நூல் கணினி ஆய்வுக் கட்டுரைக்குள் நுழைந்தது இப்படித்தான்.

உடலில் அணியும் மருத்துவ சென்சார்களின் கதையைச் சிப்பு, பேட்டரி, செல்போன் செயலி என்று சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். அவை இல்லாமல் எதுவும் நடந்திருக்காது, உண்மை. ஆனால் அந்தக் கதையில் பாதி இழையின் கதை. உடம்பின் சமிக்ஞையை முதலில் தெளிவாகப் பிடித்தது ஓர் இழை. அதைச் சட்டைக்குள் கொண்டுவந்தது ஒரு தறி. தறி ஓடும் ஊரிலிருந்து பார்த்தால் இந்தப் பாதி இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ராசிபுரம் இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997இல் மாவட்டம் பிரியும்வரை சேலத்தோடு இருந்த ஊர். நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் பெயரின் முதல் எழுத்து இந்த ஊரைத்தான் குறிக்கிறது. நெய்க்கும் பட்டுக்கும் பெயர்போனது. வெண்ணந்தூர், குருசாமிபாளையம் என்று சுற்றிலும் தறிச்சத்தம் கேட்கும் ஊர்கள். 1792இல், மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், இந்தச் சமவெளி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரி இருந்துகொண்டு நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினார். பிறகு இங்கிலாந்து ஆலைத் துணி வந்து இறங்கியது. 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கி, கதருக்கு நூற்கவும் நெய்யவும் ஏற்பாடு செய்தார். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது. அதன்பின் விசைத்தறி வந்து குழித்தறிகள் பலவற்றை ஓரங்கட்டியது.

இத்தனை மாற்றத்திலும் இந்த ஊர்களில் அழியாமல் நின்றது ஒருவகை அறிவு. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருந்தாலும் எந்த இழை எந்த விழுதில் போகிறது, எப்போது மேலே ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று தறிக்காரர் சொல்லிவிடுவார். ஓர் இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று கையால் தடவியே கண்டுபிடிப்பார். இந்த அறிவுக்கு ஒரு மருத்துவப் பயன் இருக்கும் என்று நெடுங்காலம் யாரும் நினைக்கவில்லை.

இதயத்தின் மின்னோட்டத்தை மனித உடலின் மேற்பரப்பிலிருந்து முதலில் பதிவு செய்தவர் லண்டனின் அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887. ஜிம்மி என்ற தன் வளர்ப்பு நாயின் பாதங்களை உப்புநீரில் வைத்து அவர் அதைப் பலருக்கும் செய்து காட்டினார். தோலின்மேல் கிடைக்கும் அந்த மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட் அளவுதான். வாலரிடம் இருந்த கருவி அதைத் தெளிவாக வரைந்து காட்டப் போதவில்லை. அதைச் சாதித்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்த வில்லெம் ஐந்தோவன். ஜாவா தீவின் செமராங்கில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய கருவியின் உயிர்நாடி ஒரே ஓர் இழை. உருக்கிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து, அது பறக்கும்போது இழுபடும் நூலை எடுத்து, அதற்கு வெள்ளி பூசி, வலுவான இரு காந்த முனைகளுக்கு நடுவே கட்டினார். இதயத்தின் மின்னோட்டம் அந்த வெள்ளி இழையில் பாயும்போது அது அசைந்தது. அசைவின் நிழல் புகைப்படத் தகட்டில் வரியாக விழுந்தது. கருவியின் எடை சுமார் 270 கிலோ. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்குக் கருவியைத் தூக்கிச்செல்ல முடியாததால் 1905 வாக்கில் தொலைபேசிக் கம்பி வழியே, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தூரம், இதயத் துடிப்பையே அனுப்பிப் பார்த்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நார்மன் ஹோல்டர் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பும் கருவியை முதுகில் சுமந்து நடந்தார். அது ஏறத்தாழ 38 கிலோ. 1960களில் அது தோளில் மாட்டும் பெட்டியாகச் சுருங்கியது. இன்றும் இதய மருத்துவர்கள் 24 மணி நேரம் மாட்டி அனுப்பும் கருவிக்கு ‘ஹோல்டர்’ என்றுதான் பெயர். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் மார்புப் பட்டையில் துடிப்பைப் பிடித்து, கைக்கடிகாரத்துக்குக் கம்பியில்லாமல் அனுப்பியது. ஆயினும் மின்முனையைத் தோலில் ஒட்டி, அதிலிருந்து வயரை இழுத்து, பெட்டியில் செருகும் ஏற்பாடு மருத்துவமனைகளில் மாறவில்லை. துணிக்கும் கருவிக்கும் உறவு ஏற்படாமலே இருந்தது.

அந்த உறவை ஏற்படுத்தியவர் சுந்தரேசன் ஜெயராமன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1976இல் பி.டெக்., 1978இல் எம்.டெக். முடித்து, அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1984இல் முனைவர் பட்டம் பெற்றவர். விசிகால்க் என்ற புகழ்பெற்ற கணக்கு மென்பொருளை உருவாக்கிய சாஃப்ட்வேர் ஆர்ட்ஸ் நிறுவனத்தில், சமன்பாடுகளைத் தீர்க்கும் டி.கே. சால்வர் மென்பொருளில் பங்காற்றியிருக்கிறார். பிறகு அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கில் ஜவுளிப் பொறியியல் பேராசிரியரானார். தறியும் தெரிந்து கணினியும் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அந்த இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டியிருந்தது.

1996இல் அமெரிக்கக் கடற்படை ஒரு கேள்வியோடு ஆய்வு நிதி அளித்தது. போர்க்களத்தில் குண்டடிபட்ட சிப்பாய்க்கு முதல் ஒரு மணி நேரம்தான் உயிர்ப்பிடி. பலர் விழுந்து கிடக்கும்போது யாருக்கு எங்கே குண்டு பாய்ந்தது, யாரை முதலில் தூக்க வேண்டும் என்பதைத் தொலைவில் இருக்கும் மருத்துவக் குழு எப்படி அறியும்? ஜெயராமன் குழுவின் பதில் ஒரு பனியன். அதில் பருத்தி இருந்தது, இழுபடும் ஸ்பாண்டெக்ஸ் இருந்தது, மின்சாரம் கடத்தும் இழை இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே ஒரு பிளாஸ்டிக் ஒளியிழை, அடியிலிருந்து தோள்வரை சுற்றிச் சுற்றி, எங்கும் முறியாமல் ஏறியது. ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினால் மறுமுனையில் வர வேண்டும். வராவிட்டால் குண்டு துணியைத் துளைத்திருக்கிறது. அறுந்த முனையில் பட்டு ஒளி திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிட்டால் துளைத்த இடமும் தெரிந்துவிடும்.

இங்கேதான் நெசவுச் சிக்கல் எழுந்தது. சாதாரணமாகத் துணியைத் தட்டையாக நெய்து, கழுத்துக்கும் கைக்கும் வெட்டி, பிறகு தைப்பார்கள். வெட்டினால் ஒளியிழை அறுந்துவிடும். ஆகவே கத்திரிக்கோல் படாமல் சட்டை முழுதாகத் தறியிலேயே பிறக்க வேண்டும். குழாய் வடிவில் நெய்வது பழைய வித்தை: பாவை இரண்டு அடுக்காகப் பிரித்து, ஒரே ஊடையை மேல் அடுக்கில் ஓட்டி, கீழ் அடுக்கில் திருப்பிக்கொண்டு வந்தால் இரு ஓரங்களும் தாமாகவே சேர்ந்துவிடும். அதில் அக்குள் வரும் இடத்தில் என்ன செய்வது என்பதுதான் தெரியாமலிருந்தது. ஜெயராமன், சங்மீ பார்க், ரங்கசாமி ராஜமாணிக்கம் ஆகியோர் உடல் பகுதியைக் குழாயாக நெய்து, அக்குள் தொடங்கும் இடத்தில் அதை இரு தனி அடுக்குகளாகத் திறந்து, தோள் பக்கம் மறுபடி குழாயாக மூடினார்கள். இதற்கு அவர்கள் பயன்படுத்தியது டாபி பொருத்திய தறி. டாபி ராசிபுரத்துக்குப் புதிதில்லை. சேலைக் கரையில் சின்னச் சின்ன உருவங்களை எழுப்புவதற்கு இங்குள்ள தறிகளில் ஓடும் சாதனம்தான்.

துணி நெய்து முடித்தபின் தேவையான இடங்களில் பொத்தான் மாதிரியான இணைப்பான்களை வைத்தார்கள். அவற்றில் இதயத் துடிப்புக்கு ஒரு சென்சார், உடல் வெப்பத்துக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என்று வேண்டியதை மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். தகவல் இழைகள் வழியே இடுப்பில் இருக்கும் சிறு கருவிக்குப் போய், அங்கிருந்து கம்பியில்லாமல் வெளியே செல்லும். கணினியின் மதர்போர்டு செய்கிற வேலையைத் துணி செய்ததால் அதற்கு ‘உடுத்தும் மதர்போர்டு’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு ‘ஸ்மார்ட் சட்டை’ என்ற பெயர் நிலைத்தது. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஆபத்துள்ள கைக்குழந்தைகளுக்கும் அதே முறையில் உடுப்பு செய்து பார்த்தார்கள். 2001இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக டைம் பத்திரிகை அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தது. முதலில் நெய்த சட்டை இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

கடைத்தெருவை அது ஆளவில்லை. உரிமம் பெற்று ஒரு நிறுவனம் முயன்றது. மக்கள் கைக்குப் போனது என்னவோ மணிக்கட்டுப் பட்டையும் கடிகாரமும்தான். இதைத் தோல்வி என்று ஒதுக்குவது சரியாகாது. எங்கே இடறியது என்று பார்ப்பதில்தான் பாடம் இருக்கிறது, அந்த இடறல்களில் பெரும்பாலானவை மின்னணுவியலில் இல்லை. தோலிலும் துணியிலும் இருந்தன.

உடம்புக்குள் மின்சாரம் அயனிகளாக ஓடுகிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்களாக ஓடுகிறது. இரண்டும் கைமாறும் இடம் தோலும் மின்முனையும் தொடும் எல்லை. அந்த எல்லை துளி அசைந்தாலும் கிடைக்கும் இரைச்சல், ஒரு மில்லிவோல்ட் இதயச் சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். கைமாற்றம் நிதானமாக நடக்க உதவும் பொருள் வெள்ளியும் அதன் குளோரைடும். மருத்துவமனையில் மார்பில் ஒட்டும் ஈ.சி.ஜி. ஸ்டிக்கரின் நடுவே டிச் பட்டன் போல நிற்பதன் அடியில் இருப்பது அதுதான், கூடவே ஈரக் களிம்பும். சேலம் செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிப் பட்டறைகளில் கொலுசாக உருவெடுக்கும் வெள்ளி, வேறொரு பட்டறையில் இதயத்தைக் கேட்கும் காதாகிறது.

ஆனால் களிம்பு சில மணி நேரத்தில் காயும், அரிக்கும். சட்டைக்குள் களிம்பு வைத்துக்கொண்டு யாரும் வேலைக்குப் போக முடியாது. அதனால் வெள்ளி பூசிய நைலான் நூலில் உலர்ந்த மின்முனைகளை நெய்து பார்த்தார்கள். அவை தோலை இறுக்கிப் பிடித்தால்தான் வேலை செய்யும். இறுக்கினால் உடுத்தியவர் கழற்றிப்போடுவார். துவைக்கத் துவைக்கப் பூச்சு உதிரும். அசல் ஜரிகைச் சேலையை முறுக்கிப் பிழியாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் உலோகம் சுற்றிய இழையின் இதே பலவீனம்தான்.

இந்தியாவில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்களில் பெங்களூரில் உள்ள டெபெல் முக்கியமானது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் உயிரிப் பொறியியல் ஆய்வகம் அது. பி.எஸ். பாண்டியனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய ‘ஸ்மார்ட் வெஸ்ட்’ பற்றிய கட்டுரை 2008இல் ஒரு மருத்துவப் பொறியியல் ஆய்விதழில் வெளியானது. ஈ.சி.ஜி., நாடியின் ஒளி அலை, உடல் வெப்பம், ரத்த அழுத்தம், தோலின் மின்கடத்தும் தன்மை, இதயத் துடிப்பு வீதம் ஆகியவற்றை அந்த மேலாடை அளந்தது. ஒவ்வொரு சமிக்ஞையையும் நொடிக்கு 250 முறை மாதிரி எடுத்து, உடுத்தியவர் நிற்கும் இடத்தின் விவரத்தோடு தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்பியது. களிம்பு இல்லாமலே ஈ.சி.ஜி. கிடைத்தது என்பது அதில் முக்கியமான செய்தி.

பட்டுக்கு நடந்தது இன்னும் வியப்பானது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபியோரென்சோ ஒமெனெட்டோவும் டேவிட் கப்லானும் பட்டுக்கூட்டைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கினார்கள். பட்டுச் சாயப்பட்டறைகள் காலங்காலமாகச் செய்துவரும் முதல் வேலையும் இந்தப் பசை நீக்கம்தான். அதற்குப்பின் அவர்கள் வேறு பாதையில் போனார்கள். எஞ்சிய பட்டுப் புரதத்தை உப்புக் கரைசலில் கரைத்து, தூய்மைப்படுத்தி, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக வார்த்தார்கள். ஜான் ரோஜர்ஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து அந்தப் படலத்தின்மேல் மிக மெல்லிய மின்முனை வலையை ஏற்றி, ஒரு பூனையின் மூளைமேல் வைத்தார்கள். ஈரம் பட்டதும் பட்டு கரைந்தது. வலை மூளையின் மடிப்புகளுக்குள் தானே படிந்துகொண்டது. 2010இல் இந்த ஆய்வு வெளியானது. அடுத்த ஆண்டே ரோஜர்ஸ் குழு தோலில் பச்சைகுத்தியதுபோல ஒட்டிக்கொள்ளும் மின்சுற்றை அறிவித்தது. அதில் கம்பிகள் நேர்கோட்டில் ஓடாமல் பாம்புபோல வளைந்து வளைந்து ஓடுவதால், தோலை இழுத்தாலும் அவை அறுவதில்லை.

இவ்வளவும் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாத ஒரு காரணம் 2020இல் வெளிப்பட்டது. கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரின் அடிப்படைக் கருத்தை 1970களில் ஜப்பானின் தகுவோ ஆயோகி உருவாக்கினார். தோல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனை மதிப்பிடும் கருவி அது. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2020 இறுதியில் வெளியான கட்டுரை ஒன்று, ஆபத்தான ஆக்சிஜன் குறைவை இந்தக் கருவி கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று காட்டியது. கறுத்த தோல் ஒளியை அதிகம் உறிஞ்சுகிறது. கருவிகள் பெரும்பாலும் வெளிர் தோலில் சோதித்துச் சரிபார்க்கப்பட்டவை. கைக்கடிகாரங்களின் முதுகில் மின்னும் பச்சை விளக்கும் இதே தத்துவத்தில்தான் நாடியைக் கணக்கிடுகிறது. எந்தத் தோலில், எந்த வெயிலில், எந்த வியர்வையில் ஒரு சென்சார் சோதிக்கப்பட்டது என்ற கேள்வி ஓர் உயிர்ப்பிரச்சினை.

சித்திரை, வைகாசியில் சேலம், நாமக்கல் சமவெளியில் உழைக்கும் உடம்புகளை எண்ணிப்பார்க்க வேண்டும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளோடு வெளிமாநிலம் போகிறவர்கள், ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு காயவைப்பவர்கள், தகரக் கூரைக்கு அடியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் உப்பளங்கள் உள்ளிட்ட வேலையிடங்களில் வெப்பம் உடலை என்ன செய்கிறது என்று பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகத்தில் அதன் பாதிப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். உடல் வெப்பத்தையும் துடிப்பையும் வேலை நேரம் முழுக்கக் கவனித்து, மயங்கி விழுவதற்கு முன்பே எச்சரிக்கும் பனியன் ஒன்று வருமானால், முதலில் கிடைக்க வேண்டியவர்கள் இவர்கள். உலர்ந்த துணி மின்முனைகளுக்கு இங்கே ஓர் அனுகூலமும் இருக்கிறது: வியர்வை உப்புநீர்தான், குளிர்நாட்டுத் தோலில் களிம்பு செய்யும் வேலையை அது தானாகவே செய்துவிடும். துவைத்துத் துவைத்து நைந்துபோவதும், வியர்வை உப்பு வெள்ளியைக் கறுக்க வைப்பதும்தான் தீர்க்க வேண்டியவை.

தீர்ப்பதற்கான இடங்கள் தொலைவில் இல்லை. கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கமான சிட்ராவில் மருத்துவத் துணிகளுக்கென்று தனி உயர்தர மையம் இருக்கிறது. மத்திய அரசு 2020இல் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. ராசிபுரத்தைச் சுற்றியே பொறியியல் கல்லூரிகள் உண்டு. அவற்றின் ஆய்வகத்தில் சர்க்யூட் போர்டு பற்றவைக்கும் மாணவரும், இரண்டு தெரு தள்ளி டாபித் தறியில் இரட்டை அடுக்கு நெய்யத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஏற்பாடுதான் குறைகிறது. அப்படிப் பேசும்போது நெசவாளரைக் கூலிக்கு நெய்பவராக மட்டும் வைத்துக்கொள்ளாமல், வடிவமைப்பில் பங்காளியாகச் சேர்த்து, வரும் வருமானத்திலும் பங்கு எழுதிக்கொள்ள வேண்டும். கம்பெனி காலத்து முன்பணக் கணக்கிலிருந்து இன்றுவரை இந்தத் தொழிலில் நியாயமாக நடக்காமல் போனது அந்த ஒன்றுதான்.

வெட்டாமல் சட்டை நெய்யும் முறைக்கு ஜெயராமன் குழுவுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 2000ஆம் ஆண்டில். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான் காப்புரிமைக்கு ஆயுள், அது முடிந்துவிட்டது. பாவை எப்படிப் பிரிப்பது, குழாயை எங்கே திறப்பது, ஒளியிழையை எந்த வரிசையில் விடுவது என்று படம் போட்டு விளக்கும் அந்த ஆவணத்தை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிப் படிக்கலாம், அதைப் பார்த்துத் தறியும் பூட்டலாம்.